காற்று எங்கே நுழைகிறது? ஓர் ஆர்எக்ஸ் 100-ஐப் பிரித்துப் பூட்டிய அனுபவம்

பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்றை வாங்கி வந்து கோவையில் வீட்டுக் கார் ஷெட்டில் நிறுத்தியதும், பார்க்க வந்த அத்தனை பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "என்ன கலர் அடிக்கப் போறே?" இன்ஜின் ஓடுமா, புக் இருக்கிறதா, பிரேக் பிடிக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த வண்டி மேல் நம் ஊருக்கு இருக்கும் மோகம் அப்படி. பெயின்ட், ஸ்டிக்கர், குரோம், சைலன்சர் சத்தம் நான்கும் அமைந்துவிட்டால் வண்டி தயார் என்று நினைப்பவர்கள் நிறைய. நான் பட்டறை வேலை எதுவும் தெரியாமல், ஸ்பேனர் செட்டையே புதிதாக வாங்கித் தொடங்கிய ஆள். ஆனாலும் வேலை முடிந்த இந்த நேரத்தில் ஒன்றைத் தைரியமாகச் சொல்வேன். ரெண்டு ஸ்ட்ரோக் வண்டியைப் புதுப்பிப்பதில் முதல் வேலை, காற்று எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்து அடைப்பது. மற்றதெல்லாம் அப்புறம்தான்.

காரணம் அந்த இன்ஜின் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் பிஸ்டனுக்குக் கீழே ஆயில் புழங்கும், அவ்வளவுதான். ரெண்டு ஸ்ட்ரோக்கில் அந்த இடமே ஒரு பம்ப். பிஸ்டன் மேலே ஏறும்போது கிராங்க் சுழலும் கீழ் அறையான கிராங்க் கேஸுக்குள் அழுத்தம் குறைந்து, கார்பரேட்டரிலிருந்து பெட்ரோலும் காற்றும் கலந்து ரீட் வால்வு என்ற ஒருவழி இதழ்க் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகின்றன. பிஸ்டன் இறங்கும்போது அந்தக் கலவை நெருக்கப்பட்டு, பிஸ்டன் ஓடும் சிலிண்டரான பிளாக்கின் பக்கவாட்டுப் போர்ட்கள் (துளைகள்) வழியாகப் பிஸ்டனுக்கு மேலே போகிறது. சைக்கிள் பம்பில் வாஷர் தேய்ந்தால் காற்று ஏறாது, அதோடு விஷயம் முடிந்தது. இங்கே அப்படி முடியாது. தேய்ந்த சீல் வழியாக வெளிக்காற்று உள்ளே வந்து கலவையில் பெட்ரோலின் பங்கைக் குறைத்துவிடும். சூடு ஏறும். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும், சில சமயம் முன்பைவிடச் சுறுசுறுப்பாகக்கூட இருக்கும். பைபாஸில் கொஞ்ச தூரம் முறுக்கிப் பிடித்தால் பிஸ்டன் பிளாக்கோடு பிடித்துக்கொள்ளும். புது பெயின்ட் அடித்த வண்டி லோடு ஆட்டோவில் வீடு வந்து சேரும்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்கார்ட்ஸ் என்ற இந்தியக் கம்பெனியின் கூட்டில் 1985-இல் வந்து 1996 வரை உற்பத்தியானது. 98 சிசி. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ. 11 குதிரைத்திறன், 4 கியர், எடை நூற்றுச் சொச்சம் கிலோ. அந்த எடைக்கு அந்தத் திறன் என்பதுதான் இன்றுவரை இதற்கு விலை இறங்காமல் இருப்பதன் ரகசியம். பதினொரு வருடத்தில் ஏகப்பட்ட வண்டிகள் ஓடியதால் உதிரி பாகம் கிடைக்கும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவனுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் கிடைப்பதெல்லாம் நல்லதில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

வாங்கும்போது பளபளப்பான வண்டிகளை நான் தவிர்த்துவிட்டேன். "முழுசா ரெஸ்டோர் பண்ணினது" என்று சொல்லி விற்கும் வண்டியில் பட்டிக்கும் பெயின்டுக்கும் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பழைய பெயின்டோடு, துருவோடு, ஓடாமல் நிற்கும் வண்டி எதையும் மறைக்காது. அதிலும் முக்கியம் புக். சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்சி புக்கோடு பொருந்துகின்றனவா, எழுத்துகள் ஒரே உயரத்தில் ஒரே ஆழத்தில் இருக்கின்றனவா, சுற்றிலும் அரத்தால் தேய்த்த தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும். திருட்டு வண்டிகள் அதிகம் புழங்கிய மாடல் இது. அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாஹனில் எண்ணைப் போட்டுப் பார்ப்பதும் அவசியம். ஆர்எக்ஸ் 135-இன் இன்ஜினை இதில் மாட்டி ஓட்டுவது ஒரு காலத்தில் சர்வசாதாரணம். அப்படிப்பட்ட வண்டிக்கு ஆர்டிஓ ஆபீஸில் எஃப்சி (தகுதிச் சோதனை) காட்டும்போது பதில் சொல்ல முடியாது.

இங்கே பலருக்கு ஒரு குழப்பம் உண்டு. மத்திய அரசு 2021-இல் கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதி 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத்தான். ஆர்எக்ஸ் 100-க்கு அந்த வயது இன்னும் வரவில்லை. ஆகவே சாதாரண வழிதான். 15 வருடம் முடிந்த வண்டிக்குப் படிவம் 25 கொடுத்து, சோதனைக்குக் காட்டி, 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு ஆர்டிஓ எல்லையிலிருந்து வந்த வண்டியாக இருந்தால் என்ஓசி என்ற தடையில்லாச் சான்று வாங்கப் படிவம் 28. முதல் உரிமையாளர் எங்கே என்றே தெரியாத வண்டியை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இன்ஜினைச் சரிசெய்ய வழி உண்டு. இல்லாத புக்கைச் சரிசெய்ய நேர்வழி கிடையாது.

எனக்குக் கிடைத்த பெரிய உதவி, கோவையில் கணபதி என்ற பகுதியில் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணன். ஆர்எக்ஸ் புது வண்டியாக ஓடிய காலத்திலேயே அதைப் பிரித்தவர். வண்டியைப் பார்க்க வந்தவர் ஸ்டார்ட் செய்யக்கூட இல்லை. கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்கினார்.

"தம்பி, இத ஓட்டிப் பாத்தெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க. இறக்கிப் பிரிச்சிருங்க. பிரிக்கறப்ப ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்துக்குங்க."

"ஏனுங்ணா, நானே பிரிச்சிரலாமா?"

"நீங்க பிரிங்க. பூட்டறப்ப என்னைக் கூப்பிடுங்க."

அப்படித்தான் நடந்தது. பிரிக்கும்போது முதல் சண்டை இன்ஜின் மூடிகளின் ஸ்க்ரூவோடு. பார்க்க நம் வீட்டு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் பொருந்துவதுபோல் இருக்கும், பொருந்தாது. ஜப்பானிய வண்டிகளின் ஸ்க்ரூத் தலை ஜேஐஎஸ் என்ற அவர்கள் தரத்தில் வெட்டப்பட்டது. சாதாரண ஸ்டார் முனை அடிவரை இறங்காமல் எகிறி, தலையை மழித்துவிடும். ஜேஐஎஸ் முனை கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் வாங்கிக்கொள்ளுங்கள். முந்தைய நாள் இரவே துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்தால் பாதி வேலை தானாக முடியும். மின்சாரம் தரும் மேக்னெட்டைக் கழற்ற அதற்கான புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை நெம்புகோலாக்கினால் கேஸ் உடையும். பூட்டும்போது மூடிகளுக்கு ஆலன் போல்ட் போட்டுக்கொண்டேன். அசல் தோற்றம் கெடுகிறது என்று ஒரு நண்பர் வருத்தப்பட்டார். பரவாயில்லை.

சின்னப் பொருள்களைப் பழைய மிட்டாய் டப்பாக்களில் தனித்தனியாகப் போட்டுப் பெயர் எழுதி வைத்தேன். இது சலிப்பான வேலைதான், ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும் வேலையில் எந்த வாஷர் எங்கே இருந்தது என்று மூளையை நம்ப முடியாது.

இன்ஜினுக்குள் பார்த்தபோது பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு மேலும் கீழும் ஆடியது. பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு. மேலும் கீழுமாக ஆட்டம் துளிகூட இருக்கக்கூடாது. ரெண்டு ஸ்ட்ரோக் கிராங்க் ஒரே வார்ப்பு கிடையாது. இரண்டு தட்டுகளை ‘பின்’ என்ற இரும்பு உருளையைக் கொண்டு அழுத்திச் சேர்த்தது. அதைப் பிரித்துப் புது ராடு, பின், பேரிங் போட்டுத் திரும்ப அழுத்த லேத் பட்டறையில் ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். அதைவிட முக்கியம், அழுத்திய பிறகு இரு பக்க ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் ஓடுகின்றனவா என்று டயல் கேஜ் வைத்துப் பார்ப்பது. 0.03 மி.மீ.-க்குள் இருக்கவேண்டும் என்பது கணக்கு. "கண்ணுக்கு நேரா இருக்குதுங்க" என்று சொல்லும் பட்டறையில் கொடுக்காதீர்கள். கேஜ் முள் சுற்றுவதை நம் கண்ணெதிரே காட்டுகிற இடம் கோவை மாதிரி ஊரில் தேடினால் கிடைக்கும்.

போர் விஷயத்திலும் இதே கதை. தேய்ந்த போரைக் குடைந்து பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் போடுவதை ஓவர்சைஸ் என்பார்கள். என் பிளாக் ஏற்கெனவே 0.50 மி.மீ. ஓவர்சைஸ் வரை போயிருந்தது, அடியில் வரி வரியாகக் கீறல் வேறு. அடுத்த அளவு 0.75, அதற்கடுத்து 1.00. அதற்கு மேல் புது ஸ்லீவ் (உள்சுவர்க் குழாய்) போடுவதுதான் வழி. புது பிஸ்டனை முதலில் வாங்கிக் கையில் கொடுத்து, அதை அளந்து அதற்கேற்பப் போர் அடிக்கச் சொல்லவேண்டும். போரை அடித்துவிட்டுப் பிஸ்டன் தேடக்கூடாது. இடைவெளி ஏறத்தாழ 0.04 மி.மீ. ஒவ்வொரு கம்பெனிப் பிஸ்டனும் மயிரிழை வித்தியாசப்படும், அந்த மயிரிழைதான் பிடிப்பதும் ஓடுவதும். இங்கேதான் உதிரி பாகத்தின் தரம் தெரியும். பெட்டியில் அசல் மாதிரியே அச்சடித்திருக்கும். ஆனால் ரிங் கைக்கு மென்மையாக வளையும், பிஸ்டன் பின் மாட்டும் ஓட்டையின் ஓரம் சொரசொரப்பாக இருக்கும். பெயின்டில் மிச்சம் பிடிக்கலாம், பிஸ்டனிலும் பேரிங்கிலும் சீலிலும் பிடிக்கக்கூடாது.

ரெண்டு ஸ்ட்ரோக்குக்கே உரிய இன்னொரு சங்கதியையும் சொல்லவேண்டும். பிளாக் சுவரில் போர்ட் என்ற ஜன்னல்கள் இருக்கின்றன. போர் அடித்தபின் அவற்றின் ஓரம் கத்திபோல் கூராகிவிடும். அதை மெல்லிய அரத்தாலும் உப்புத்தாளாலும் மழுக்காமல் பூட்டினால், ரிங் அந்த ஓரத்தில் சிக்கி உடையும். நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளை மட்டுமே பார்த்து வளர்ந்த இளைய லேத்காரர்களுக்கு இது நினைவில் இருப்பதில்லை, கேட்டுச் செய்துகொள்ளவேண்டும். பூட்டும்போது ரிங் பள்ளத்தில் இருக்கும் சின்ன முளைக்கு நேராகத்தான் ரிங்கின் வாய் வரவேண்டும். பிஸ்டன் தலையில் இருக்கும் அம்பு சைலன்சர் பக்கம். பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் கிளிப்பைப் பழையது போடாதீர்கள், கழற்றியதோடு அதன் ஆயுள் முடிந்தது. கிளிப் மாட்டும் முன் கிராங்க் கேஸ் வாயில் துணியை அடைத்துக்கொள்ளவும். துள்ளி உள்ளே விழுந்தால் திரும்ப முதலிலிருந்து.

இனி காற்றுக்கு வருவோம். கிராங்கின் இரு முனையிலும் ஆயில் சீல் இருக்கிறது. இடது பக்கம் மேக்னெட், அங்கே உலர்ந்த இடம். வலது பக்கம் கிளட்ச், அங்கே கியர் ஆயில். வலது சீல் போனால் இன்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். வெள்ளைப் புகை வரும், கியர் ஆயில் மட்டம் இறங்கும். இது கண்ணுக்குத் தெரிவதால் சீக்கிரம் பிடிபடும். இடது சீல் போனால் வெறும் காற்றுதான் நுழையும், புகை இருக்காது. திராட்டிலை விட்ட பிறகும் ஆர்பிஎம் இறங்காமல் தொங்கும், ஐடிலிங் தானாக ஏறும். இதைக் கார்பரேட்டர் கோளாறு என்று எண்ணி ஸ்க்ரூவைத் திருப்பித் திருப்பியே பலர் இன்ஜினைக் கொன்றிருக்கிறார்கள்.

சீல் மாற்றிவிட்டோம், பேக்கிங் மாற்றிவிட்டோம், ஆகவே கசிவு இல்லை என்று நம்பக்கூடாது. சோதிக்கவேண்டும். வெளிநாடுகளில் இதற்கென்று கருவி விற்கிறார்கள். நான் பயன்படுத்தியது ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் ரப்பர் பல்பும் வட்ட மீட்டரும். அதன் அளவுகோல் 300 மி.மீ. பாதரசம் வரை போகிறது, கிட்டத்தட்ட 6 பிஎஸ்ஐ. நமக்கு வேண்டியதும் அவ்வளவுதான். கார்பரேட்டரைக் கழற்றிவிட்டு அந்த வாயில் ரப்பர் கார்க். அதில் ஓட்டை போட்டு ஒரு டியூப். சைலன்சர் வாய்க்குப் பழைய லாரி டியூபில் வெட்டிய துண்டும் மேலே இரும்புத் தகடும். ஸ்பார்க் பிளக் இடத்தில் பிளக்கே இருக்கட்டும். 2டி ஆயில் (ரெண்டு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்) குழாய் சேரும் இடத்தையும் அடைக்கவேண்டும். பிஸ்டனை அடியில் நிறுத்தினால் மேல் அறையும் கீழ் அறையும் ஒன்றாகிவிடும், மொத்த இன்ஜினையும் ஒரே தடவையில் பார்க்கலாம். பல்பை அழுத்தி 300-க்கு ஏற்றி, கடிகாரத்தைப் பாருங்கள். முள் நிமிடத்துக்கு 50-க்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. அடைத்த கார்க்குகளே கசியலாம் என்பதால் முதலில் அவற்றைச் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். அப்புறம் பிளாக் அடிப்பகுதி, ஹெட், ரீட் வால்வு இணைப்பு, மேக்னெட் பக்கச் சீல். வலது சீலைக் கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் கியர் ஆயில் ஊற்றும் துளையில் சோப்புப் படலம் ஒன்றைப் பூசினால், உள்ளே கசிந்தால் அங்கே குமிழி எழும்பும். காற்றடிக்கும் கம்ப்ரசரை மட்டும் இதில் சொருகிவிடாதீர்கள், சீல் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

எனக்கு வந்த குமிழி பிளாக்குக்கும் கிராங்க் கேஸுக்கும் நடுவில். பழைய அனபாண்ட் பசையின் பொருக்கு அந்தத் தளத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து, பிளாக்கின் அடியை 8 வடிவில் சுழற்றித் தேய்த்துச் சமமாக்கியதும் முள் அசையாமல் நின்றது. மெக்கானிக் அண்ணன் அந்தக் கருவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாங்கெல்லாம் வாயில ஊதிப் பாப்பமுங்க" என்றார். அவருக்கு ஒரு செட் செய்து கொடுத்தேன்.

ரீட் வால்வை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இதழ்கள் ஒட்டி உட்கார்ந்திருக்கவேண்டும், நுனி உடைந்திருக்கக்கூடாது. உடைந்த துண்டு இன்ஜினுக்குள்தான் போகும். கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட் துளைகளைக் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும்.

பெட்ரோல் டேங்க்கின் துருவை எடுக்க எலுமிச்சை உப்பே போதும். கடையில் சிட்ரிக் ஆசிட் என்று கேட்டால் கொடுப்பார்கள். வெந்நீரில் கரைத்து ஊற்றி, கொஞ்சம் போல்ட்டு நட்டுப் போட்டுக் குலுக்கி, ஒரு நாள் ஊறவைத்து, சோடா உப்புத் தண்ணீரால் அலசி, உடனே உலர்த்தி, ஆயில் கலந்த பெட்ரோலை உள்ளே சுழற்றிவிடவேண்டும். "உடனே" என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஈரத்தோடு கொஞ்ச நேரம் விட்டாலே புதுத் துரு பூக்கும்.

பெட்ரோலைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. இந்த வண்டி வடிவமைக்கப்பட்ட காலத்தில் அது கிடையாது. எத்தனால் பழைய ரப்பரை உப்பச் செய்யும், தண்ணீரை இழுக்கும். அதில் ஏற்கெனவே ஆக்ஸிஜன் இருப்பதால் பழைய ஜெட் அளவுக்குக் கலவை மேலும் மெலியும். ஆகவே பெட்ரோல் குழாய், டேப் வாஷர், ஓ-ரிங் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றினேன். மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கினேன், பிளக் நிறம் பார்த்துத்தான்.

அடுத்தது, பட்டறைகளில் முடிவே இல்லாத வாக்குவாதம்: ஆயில் பம்ப் வேண்டுமா, பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றினால் போதுமா? ஆர்எக்ஸ் 100-இல் ஆட்டோலூப் என்ற பம்ப் தனி டேங்க்கிலிருந்து 2டி ஆயிலை எடுத்துக் கொடுக்கிறது. என்னிடம் வந்த வண்டியில் அதைத் துண்டித்து, துளையில் போல்ட்டு அடித்திருந்தார்கள். பம்ப் எப்போது நிற்கும் என்று தெரியாது, கலந்து ஊற்றினால் கவலை இல்லை என்பது அவர்கள் வாதம். நியாயமான பயம்தான். ஆனாலும் நான் பம்பைத் திரும்ப மாட்டினேன். அதற்கு மலைப்பாதை காரணம். கலந்து ஊற்றும் வண்டியில் ஆயில் பெட்ரோலோடுதான் உள்ளே வரும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குத் திராட்டிலை மூடி, கியரில் பிடித்துக்கொண்டு இறங்கினால், இன்ஜின் வேகமாகச் சுற்றும், பெட்ரோல் வராது, ஆயிலும் வராது. பழைய ஓட்டுநர்கள் இறக்கத்தில் நடுநடுவே முறுக்கிவிடுவது இதற்காகத்தான். பம்ப் இன்ஜின் சுற்றுவதால் ஓடுவது, திராட்டில் மூடியிருந்தாலும் கொஞ்சம் ஆயில் போய்க்கொண்டே இருக்கும். நீலகிரி பக்கத்தில் இருக்கும் ஊரில் இதை விட்டுவிட மனம் வரவில்லை.

பம்ப் மாட்டினால் இரண்டு வேலை கட்டாயம். ஒன்று, அதன் ஸ்க்ரூவைத் தளர்த்திக் குழாயிலுள்ள காற்றுக் குமிழிகள் தீரும்வரை ஆயிலை ஓடவிடுவது. இரண்டு, திராட்டில் கேபிள் பம்ப்பையும் சேர்த்து இழுப்பதால், அதன் சக்கரத்திலுள்ள குறி சரியாகப் பொருந்துமாறு கேபிளை வைப்பது. பம்ப் வேலை செய்கிறது என்று உறுதியாகும் வரை டேங்க்கிலும் லிட்டருக்கு 20 மி.லி. கலந்து ஊற்றினேன். ஆயில் டேங்க்கின் மட்டத்தில் டேப் ஒட்டி, அது இறங்குவதைப் பார்த்த பின்தான் நிறுத்தினேன். அந்த நாட்களில் வண்டி பின்னால் வருகிறவர்களுக்குப் புகை மூட்டம்தான். பம்பே வேண்டாம் என்று முடிவெடுத்தால், ரன்னிங்-இன் காலத்துக்கு (புது பாகங்கள் பழகும் வரை) லிட்டருக்கு 40 மி.லி. கணக்கில் கலக்கலாம். எதுவானாலும் ஜாசோ (JASO) என்ற ஜப்பானியத் தரத்தின் எஃப்சி அல்லது எஃப்டி குறி இருக்கும் 2டி ஆயில். நான்கு ஸ்ட்ரோக் ஆயில் வேண்டவே வேண்டாம்.

சைலன்சரின் உள்குழாயை இழுத்து, ஒட்டியிருந்த கரியைச் சுட்டுச் சுரண்டினேன். காஸ்டிக் சோடாவில் ஊறவைப்பவர்கள் இரும்புக்கு மட்டும் செய்யுங்கள், அலுமினிய பிளாக் பக்கம் அது போகவே கூடாது, அரித்துவிடும். உள்குழாயை எடுத்துவிட்டு ஓட்டினால் சத்தம் கிளம்பும், இழுவை குறையும். ரெண்டு ஸ்ட்ரோக்கில் சைலன்சர் திருப்பி அனுப்பும் அழுத்த அலையும் இன்ஜின் வேலையில் ஒரு பகுதி. தெருக்காரர்கள் நிம்மதி தனி.

பிரேக், டயரில் எந்த வாதமும் இல்லை: எல்லாம் புதிது. இரு பக்கமும் 130 மி.மீ. டிரம்தான், அதிலேயே கஞ்சத்தனம் பிடிக்கக்கூடாது. பழைய பிரேக் ஷூவின் தூசியை வாயால் ஊதவோ காற்றடிக்கவோ வேண்டாம், அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத்துணியால் துடையுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். கடையில் வருடக்கணக்காகத் தொங்கிய டயரை "புதுசு" என்று தருவார்கள்.

பெயின்ட் கடையில் நான் கேட்டது இரண்டே விஷயம். சேஸிஸ் எண்ணுள்ள இடத்தை டேப் ஒட்டி மறைத்துவிட்டுப் பவுடர் கோட்டிங் செய்யவேண்டும். தடித்த பூச்சில் எண் மூழ்கிவிட்டால் ஆர்டிஓ ஆபீஸில் பென்சில் பிரதி எடுக்க முடியாது. அடுத்து, எர்த் வயர் சேரும் இடங்களில் பூச்சைச் சுரண்டி இரும்பைக் காட்டவேண்டும். பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது. புதிதாகச் செய்த வண்டியில் லைட் மங்குவதும் ஹாரன் முனகுவதும் பெரும்பாலும் இதனால்தான். ஒயரிங் முழுவதையும் மாற்றும் முன் இதைப் பாருங்கள்.

பூட்டி முடித்து முதல் கிக்கில் கிளம்பிவிட்டது என்று எழுத ஆசைதான். கிளம்பவில்லை, பிளக் நனைந்திருந்தது, துடைத்துப் போட்டதும் கிளம்பியது. புகைச் சான்று வாங்கி, எஃப்சி காட்டி, புக்கைப் புதுப்பித்த பிறகுதான் சாலைக்குக் கொண்டுபோனேன்.

முதல் 500 கி.மீ. ஒரே வேகத்தில் ஓட்டக்கூடாது, முழுத் திராட்டிலும் கூடாது. ஏற்றி இறக்கி ஓட்டவேண்டும். முதல் சில ஓட்டங்களுக்குப் பின் இன்ஜின் முழுக்க ஆறியதும் ஹெட் நட்டுகளை எதிரெதிராக இன்னொரு முறை டார்க் ரெஞ்ச்சால் இறுக்கினேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் டீத்தூள் நிறம் இருக்கவேண்டும். வெளுத்திருந்தால் உடனே நிறுத்திக் காற்று எங்கே நுழைகிறது என்று தேடுங்கள். கருத்து ஈரமாக இருந்தால் அவசரமில்லை, நிதானமாகச் சரிசெய்யலாம். ஓடும்போது இழுவை திடீரெனச் செத்து, இன்ஜின் இறுகுவதுபோல் தோன்றினால் யோசிக்காமல் கிளட்சைப் பிடியுங்கள். இடது கை இரண்டு விரலைக் கிளட்ச் மேலேயே வைத்து ஓட்டும் பழக்கம் எனக்கு அப்போது வந்தது, இன்னும் போகவில்லை.

வாரத்துக்கு ஒருமுறையாவது ஓட்டுகிறேன். வெளியூர் போய் வண்டி நிற்கப்போகிறது என்றால், பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்பரேட்டரில் இருப்பது தீர்ந்து இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டுத்தான் கிளம்புவேன்.